நேர்ந்துகொண்ட ஊர்

(கைவினையும் நாடகமும் குறித்த உரைவரிசை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கைவினைக்கும் பக்திக்கும் பேர்போன மலையூர் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஜெர்மனியின் தென்கோடியில், பவேரிய மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் இருக்கும் ஓபராமர்காவ். ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். இரண்டு காரியங்களுக்காக உலகம் அதை அறியும். ஒன்று, மரத்தில் சுரூபம் செதுக்குவது. மற்றொன்று, பத்தாண்டுக்கு ஒருமுறை ஊரே கூடி நடிக்கும் இயேசுவின் திருப்பாடுகள் நாடகம். தவக்காலத்தில் நம் ஊர்க் கோயில் மைதானத்தில் பாஸ்கா பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கதை புதிதல்ல. ஆனால் 1634 முதல் ஒரே ஊர் அதைக் கைவிடாமல் சுமந்து வருகிறது என்பதுதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

நானூறு வருஷத்துக்குப் பக்கமாக ஒரு மரபு எப்படி நின்றது? முன்னோர் விட்டதை அப்படியே காப்பாற்றினார்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைக்குத் தலைமுறை அந்த நாடகத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அரசாங்கத்தோடு சண்டை, திருச்சபையோடு சண்டை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்களுக்குள்ளேயே சண்டை. அந்தச் சண்டைதான் மரபைக் காப்பாற்றியது என்பது என் கட்சி. அதை நிறுவ முடிகிறதா பார்க்கிறேன்.

முதலில் ஊருக்குள் போவோம். மியூனிக்கிலிருந்து மூர்னாவ் வரை பெரிய ரயில். அங்கிருந்து ஒரு கிளைப்பாதை, ஒற்றைத் தண்டவாளம். 1905 முதல் மின்சாரத்தில் ஓடும் பாதை அது. ஜெர்மனியில் ஒற்றைக்கட்ட மாறுமின்னோட்டத்தில் ரயில் ஓடிய முன்னோடிப் பாதைகளில் ஒன்று இது. இப்படியொரு மூலைக்கு அவ்வளவு சீக்கிரம் ரயிலும் மின்சாரமும் எப்படி வந்தன என்ற கேள்விக்குப் பெரும்பாலான விடை அந்த நாடகம்தான். பாதை திறந்த 1900 நாடக வருஷம். வண்டி ஈரப் புல்வெளிகளையும் ஊசியிலைக் காடுகளையும் தாண்டிப் போகிறது. ஊருக்கு மேலே கோஃபெல் என்ற பாறைச் சிகரம் கூம்பாக நிற்கிறது. உயரம் 1,342 மீட்டர். உச்சியில் சிலுவை. கீழே அம்மர் ஆறு.

தெருவில் இறங்கியதும் கண்ணில் படுவது சுவர்கள்தான். வீடுகளின் முகப்பில் மாதா, புனிதர்கள், தேவதூதர்கள், இடையிடையே இல்லாத தூண்கள், இல்லாத மாடங்கள், இல்லாத படிக்கட்டுகள். எல்லாம் ஓவியம். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டிவிட வேண்டும். காய்ந்தபின் வண்ணம் சுவரோடு ஒன்றாகிவிடும். அழித்துத் திருத்த வழியில்லை. ஆகவே ஓவியன் அன்றன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே பூசச் சொல்லித் தீட்டுவான். இந்தக் கலையில் பெரிய கை ஃபிரான்ஸ் செராஃப் ட்ஸ்விங்க், இந்த ஊர்க்காரர். 1784இல் அவர் தீட்டிய வீட்டுக்குப் பிலாத்து வீடு என்று பெயர். தோட்டத்துப் பக்கச் சுவரில் பிலாத்துவின் முன் இயேசு நிற்கிறார். சுவர் தட்டையானது. ஆனால் சற்றுத் தள்ளி நின்றால் ஓர் அரண்மனையின் படிகளும் தூண்களும் உள்வாங்கிப் போவதாகவே தோன்றும். ஒரு வீட்டுச் சுவரே அரங்கமாகிவிட்டது.

அந்த வீட்டுக்குள் இப்போது கைவினைஞர்கள் பார்வையாளர் முன்னால் வேலை செய்கிறார்கள். நான் போனபோது ஒரு பெண்மணி பாடுபட்ட சுரூபத்துக்கான உடலைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பட்டறைப் பலகையில் உளிகள் வரிசையாகக் கிடந்தன, கூர்முனை எல்லாம் அவரைப் பார்த்தபடி. பிடிகள் ஒன்றுபோல இருக்கும். எது வளைந்த வாய், எது தட்டை வாய் என்று முனையைப் பார்த்தால்தான் தெரியும். எடுப்பதற்குத் தேட வேண்டியதில்லை. மரம் லிண்டன். மிருதுவானது, முடிச்சு குறைவு, எந்தப் பக்கம் வெட்டினாலும் ஓரளவு பணிந்துபோகும். அப்படியும் விலா எலும்பின் வளைவு வந்ததும் அவர் கை நின்றது. மரத்தின் இழை ஓடும் திசையிலேயே உளி இறங்கினால் சீவல் சுருண்டு எழும். எதிர்த்திசையில் இறங்கினால் நார் பிய்ந்துகொண்டு வரும். அவர் மரத்தைத் திருப்பிவைத்துவிட்டு மறுபக்கத்திலிருந்து தொடங்கினார். ஒரு விலா முடிவதற்குள் மரத்தை எத்தனை தரம் திருப்பினார் என்று எண்ணிச் சொல்ல முடியாது. கொட்டாப்புளியை அவர் அதிகம் எடுக்கவில்லை. உள்ளங்கையே பிடியைத் தள்ளியது. மற்றக் கையின் விரல்கள் முனையருகே இருந்து பிரேக் போட்டன.

பக்கத்தில் ஒரு மாதா சுரூபம் முதுகைக் காட்டிக்கொண்டு சாய்ந்திருந்தது. முதுகு முழுக்கக் குடைந்து வெறுங்கூடாக இருந்தது. முழு மரமாக விட்டால் உள்ளே ஈரம் காயும்போது வெடிப்பு விடும். அதனால் சுவரோடு நிற்கும் உருவங்களின் உள்ளீட்டைக் குடைந்து எடுத்துவிடுவது ஐரோப்பியச் சிற்பிகளின் பழைய வழக்கம். முன்னால் நின்று கும்பிடுகிறவர்கள் அந்தக் குடைவைப் பார்க்கப்போவதில்லை. முகத்தில் வெடிப்பு விழாமல் காப்பது அதுதான்.

இந்த மலையில் எதற்காக இத்தனை சிற்பிகள்? நிலம் குறைவு, குளிர்காலம் நீளம், மரம் தாராளம். இது எந்த மலையூருக்கும் பொருந்தும். இந்த ஊருக்கு மட்டும் வாய்த்தவை இரண்டு. முதலாவது, பக்கத்தில் நாலைந்து கிலோமீட்டரில் இருக்கும் எத்தால் மடம். 1330இல் பவேரியரான பேரரசர் லுட்விக் நிறுவிய ஆசீர்வாதப்பர் சபை மடம் அது. அங்கே வரும் யாத்திரிகர்களுக்குச் சிலுவை வேண்டும், மாதா வேண்டும், பிள்ளைகளுக்கு மரக்குதிரை வேண்டும். இரண்டாவது, அவுக்ஸ்புர்க்கிலிருந்து இத்தாலிக்குப் போன பழைய வணிகப்பாதை இந்த ஊர் வழியாகப் போனது. சாமான் போக வழி இருந்தது. சிறு வியாபாரிகள் முதுகில் மரச்சட்டம் கட்டி, அதில் பொம்மைகளையும் சுரூபங்களையும் அடுக்கிக் கால்நடையாகவே தூரதேசம் போனார்கள். பிறகு பெரிய வணிக வீடுகள் எழுந்தன. சிற்பி வீட்டில் செதுக்குவான். வணிகர் வீடு மொத்தமாக வாங்கி ரஷ்யா, ஸ்பெயின் வரை அனுப்பும். லாபம் யாருக்குச் சேர்ந்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டாம். வணிகர் வீடுகளில் ஒன்றான லாங் குடும்பத்தின் சேகரிப்பிலிருந்துதான் 1910இல் ஊர் அருங்காட்சியகம் பிறந்தது. தலைமுறைகள் சேர்ந்து உருவங்களைக் கூட்டிக்கொண்டே போன பழைய கோயில் கிறிஸ்துமஸ் குடில் அங்கே இருக்கிறது. அதைப் பார்க்கவே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

இனி நாடகத்துக்கு வருகிறேன்.

முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1632இல் ஸ்வீடன் படைகள் பவேரியாவுக்குள் வந்தன. பின்னாலேயே கொள்ளைநோயும் வந்தது. ஊர் எல்லையில் காவல் போட்டிருந்தார்கள். காஸ்பர் ஷிஸ்லர் என்பவர் எஷன்லோஹ என்ற பக்கத்து ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் திருவிழாவுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் காவலை ஏமாற்றி இரவில் வந்து சேர்ந்தார், நோயோடு. இது ஊர் சொல்லும் கதை. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். 1633இல் ஊர்ப்பெரியவர்கள் கோயிலில் பாடுபட்ட சுரூபத்தின் முன் நின்று நேர்ந்துகொண்டார்கள்: பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஆண்டவரின் பாடுகளை நடிப்போம். அதற்குப் பிறகு ஒருவரும் சாகவில்லை என்று மரபு சொல்கிறது.

மறுவருஷம் பெந்தெகொஸ்தே திருவிழாவின்போது நேர்த்திக்கடனைச் செலுத்தினார்கள். மேடை போட்ட இடம் கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டம். கொள்ளைநோயில் போனவர்களின் புதுக் குழிகள்மேல் பலகை விரித்து நடித்தார்கள். 1830இல்தான் மேடை இப்போதைய இடத்துக்கு நகர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேர்ந்துகொண்டது நாடகம் போடுவதாக. எந்த நாடகம், யார் எழுதியது, யார் நடிப்பது என்று நேர்த்தியில் ஒரு சொல்லும் இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதி 1662ஐச் சேர்ந்தது. அதுவும் சொந்தச் சரக்கு இல்லை. அவுக்ஸ்புர்க்கின் இரண்டு பழைய நாடகங்களிலிருந்து எடுத்துத் தைத்தது. 1750இல் எத்தால் மடத்துத் துறவி ஃபெர்டினாண்ட் ரோஸ்னர் புதிதாகச் செய்யுளில் எழுதினார். அதில் இயேசுவுக்கு எதிராகச் சதி செய்வது நரகமும் பேய்களும். லூசிபர்தான் முக்கிய வில்லன்.

பிறகு காலம் மாறியது. பகுத்தறிவைப் போற்றிய அரசுக்கு இந்தப் பாமர நாடகங்கள் பிடிக்கவில்லை. 1770இல் பவேரியா முழுக்கத் தடை. ஊர் தனி அனுமதி வாங்கி 1780இல் மீண்டும் நடித்தது. 1810இல் மறுபடி தடை. ஊர்க்காரர்கள் மியூனிக்குக்கு நடையாய் நடந்தார்கள். பிரதியை நாகரிகமாக மாற்றினால் அனுமதி என்றானது. எத்தால் மடத்தைச் சேர்ந்த ஒத்மார் வைஸ் 1811இல் உரைநடையில் மாற்றி எழுதினார். ஊர் ஆசிரியர் ரோகுஸ் டெட்லர் இசையமைத்தார். இன்றும் அடிப்படை அந்த இசைதான். வைஸ் பேய்களை எல்லாம் வெளியேற்றிவிட்டார். பேய்கள் போன இடத்தில் வில்லன் வேண்டுமே? ஆலயத்தில் கடை இழந்த வியாபாரிகளும் குருக்களும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். அதாவது யூதர்கள். அறிவொளிக் காலத்தின் திருத்தமே இப்படிப் பெரும் விஷத்துக்கு வாசல் திறந்தது. வைஸின் மாணவரும் ஊரின் பங்குத்தந்தையுமான டைஸன்பெர்கர் 1860இல் அதைச் செப்பனிட்டார். அடுத்த நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பிரதிதான் வேதம்.

அந்த நூறு வருஷத்தில்தான் உலகம் ஓபராமர்காவைக் கண்டுபிடித்தது. தாமஸ் குக் கம்பெனி ஆங்கிலேயரைக் கூட்டம் கூட்டமாக அழைத்துவந்தது. 1871இல் அரசர் இரண்டாம் லுட்விக் தனியாக ஒரு காட்சி பார்த்துவிட்டு உருகிப்போய், கல்லில் ஒரு பிரமாண்டமான சிலுவைச் சிற்பத்தை ஊருக்குப் பரிசளித்தார். அதை எத்தால் மலைப்பாதையில் ஏற்றும்போது சிற்பம் சாய்ந்து இருவர் இறந்தார்கள். நம் நாட்டுக்கும் ஒரு கண்ணி உண்டு. 1930இல் இரவீந்திரநாத் தாகூர் இங்கே நாடகம் பார்த்தார். அந்த அனுபவத்தின் வேகத்தில் 'தி சைல்ட்' என்ற நெடுங்கவிதையை நேரடியாக ஆங்கிலத்திலேயே எழுதினார். வங்க மொழியில் எழுதிப் பிறகு மொழிபெயர்ப்பது அவர் வழக்கம். இது முறை மாறிய ஒன்று.

தாகூர் வந்து போன நாலாவது வருஷம், முதல் நாடகத்தின் முந்நூறாம் ஆண்டுக்காக 1934இல் சிறப்பு நாடகம். பார்க்க வந்தவர் ஹிட்லர். 1942இல் தன் சகாக்களிடம் பேசும்போது, யூதர்களின் ஆபத்தை விளக்க இதைவிட நல்ல நாடகம் இல்லை, இது தொடர வேண்டும் என்ற பொருளில் சொன்னார். எப்பேர்ப்பட்ட நற்சான்றிதழ் பாருங்கள். பக்தியோடு நேர்ந்த கடன், மிகப்பெரிய கொலைகாரனின் கைக்கும் வாகாக இருந்திருக்கிறது.

போருக்குப் பின்னும் ஊர் பிரதியைப் பெரிதாகத் தொடவில்லை. 1965இல் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணத்துக்கு யூத இனத்தின்மேல் பழி போடக் கூடாது என்று அறிவித்தது. அமெரிக்க யூத அமைப்புகள் 1970 நாடகத்தைப் புறக்கணிக்கச் சொல்லின. அப்போதுதான் ஊருக்குள் இருந்தே ஒரு குரல் வந்தது. குரல் கொடுத்தவர் ஹான்ஸ் ஷ்வைக்ஹோஃபர், ஊர் மரச்சிற்பப் பள்ளியின் தலைவர். பழைய ரோஸ்னர் பிரதியை எடுப்போம், பேயையே வில்லனாக்குவோம், யூதர்மேல் விழுந்த பழி தானாக விலகும் என்பது அவர் திட்டம். 1977இல் வெள்ளோட்டமாக நடித்தும் காட்டினார். ஊர் இரண்டாகப் பிளந்தது. கடைசியில் அந்தத் திட்டம் தோற்றது. 1980இல் டைஸன்பெர்கரே மேடையேறினார்.

தோற்ற திட்டம் வீணாகவில்லை. அந்த வாக்குவாதத்தைக் கேட்டு வளர்ந்த பையன்களில் ஒருவர் கிறிஸ்டியான் ஷ்டூக்ல். இவரும் மரச்சிற்பத் தொழில் கற்றவர். இருபதுகளில் இருக்கும்போதே, மிகச் சிறிய ஓட்டு வித்தியாசத்தில், 1990 நாடகத்துக்கு இயக்குநராக ஊர்ச்சபை அவரைத் தேர்ந்தெடுத்தது. அதே சமயம் பெண்கள் ஒரு வழக்குப் போட்டார்கள். கல்யாணமான பெண்களுக்கும் 35 வயது தாண்டியவர்களுக்கும் மேடையில் இடமில்லை என்பது அதுவரை விதி. 1990இல் பவேரிய நீதிமன்றம் அதை உடைத்தது. 2000இல் பிரதி அடியோடு திருத்தப்பட்டது. இரத்தப்பழியைத் தங்கள்மேலும் பிள்ளைகள்மேலும் ஏற்பதாகக் கூட்டம் கூவும் வசனம் போயிற்று. கொம்பு வைத்தது போன்ற குருக்களின் தலையணி போயிற்று. 2010இல் இயேசுவும் சீடர்களும் யூதர்களாகவே எபிரேயத்தில் செபம் பாடினார்கள். 2022இல் யூதாஸாக நடித்தவர் ஒரு முஸ்லிம், துருக்கிய வம்சாவளி. இரண்டாம் இயக்குநரும் அப்படியே. 2020இல் நடக்க வேண்டியது அந்த நாடகம். கொள்ளைநோய்க்காக நேர்ந்ததைக் கொள்ளைநோயே இரண்டு வருஷம் தள்ளிப்போட்டது.

இத்தனை தூரம் சொன்னதில் ஒரு சங்கதி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். நாடகத்தை மாற்றப் போராடியவர்கள் சிற்பிகள். 1870 முதல் 1890 வரை இயேசுவாக நடித்த யோசப் மைய்ர் சிற்பி. 1922 முதல் 1960 வரை இயக்கிய கேயார்க் யோஹான் லாங் சிற்பி. 1900 முதல் மூன்று முறை இயேசுவாக நின்ற அன்டோன் லாங் குயவர். நடிப்புக் கலைஞர்கள் யாரும் வெளியிலிருந்து வருவதில்லை. ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இருபது வருஷம் வாழ்ந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் மேடை இல்லை. நாடகத்துக்கு முந்தைய வருஷத்துத் திருநீற்றுப் புதனிலிருந்து நடிகர்கள் முடி வெட்டக் கூடாது, ஆண்கள் சவரம் செய்யக் கூடாது. பொய்முடி கிடையாது. ரோமானியப் படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு. தபால்காரர், செவிலியர், மருத்துவர், கல்லூரிப் பையன் எல்லோரும் சடைமுடியோடு ஊரில் திரிவார்கள். யாருக்கு எந்த வேஷம் என்பதை நாடக அரங்கின் முன்னால் ஊர் கூடி நிற்க, ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் ஒவ்வொரு பெயராக எழுதுகிறார்கள். எழுதுகிறவர் முதலெழுத்தைப் போட்டதும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழும். ஒரே குடும்பப்பெயரில் ஊரில் பத்து வீடு இருக்கும் அல்லவா!

சிற்பியின் கண் மேடையிலும் தெரிகிறது. கதையின் நடுவே, பழைய ஏற்பாட்டுக் காட்சிகளை அசையாத உயிருள்ள சித்திரங்களாக நிறுத்துவார்கள். டஜன் கணக்கானவர்கள் மூச்சை அடக்கி, கை தூக்கியபடி நிற்பார்கள். பாடகர் குழு பாடும். சுரூபம் செதுக்கும் ஊருக்குத்தான் அந்த நிலைகள் அப்படி வாய்க்கும்.

ஆனால் சிற்பத்துக்கும் நாடகத்துக்கும் ஒரே கதி வாய்க்கவில்லை. கடைவீதியில் நடந்து பாருங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் அதே மாதா, அதே இடையன், அதே தேவதூதன். பல உருவங்களை இயந்திரம் வெட்டுகிறது. கை கடைசியாகத் தொட்டுச் சீர்செய்கிறது. அரசுச் சிற்பப் பள்ளி இன்றும் நடக்கிறது, இளைஞர்கள் நவீன வடிவங்களும் கற்கிறார்கள். என்றாலும் கடையில் காசு கொடுக்கிறவருக்கு வேண்டியது அவர் பாட்டி வீட்டில் பார்த்த உருவம். நாடகத்துக்கும் பார்வையாளர் வெளியிலிருந்துதான் வருகிறார்கள். ஒவ்வொரு பருவத்திலும் லட்சக்கணக்கில் வருகிறார்கள். ஆனால் எதை நடிப்பது என்று அவர்கள் தீர்மானிப்பதில்லை. ஊர்ச்சபையில் கை தூக்கி ஊர் தீர்மானிக்கிறது. சிற்பத்தின் உருவத்தைத் தீர்மானிக்கும் உரிமை எப்போதோ வணிகர் வீட்டுக்கும், அங்கிருந்து வாடிக்கையாளருக்கும் போய்விட்டது. ஒரே ஊர், ஒரே மக்கள், ஒரே பக்தி. ஒன்று வளர்ந்திருக்கிறது, மற்றொன்று பெரும்பாலும் தன்னையே நகலெடுக்கிறது. வித்தியாசம் இந்த உரிமையில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உரிமை கையில் இருந்தால் ஊர் நல்லதையே செய்யும் என்று பொருள் இல்லை. 1934இல் வெட்கப்பட வேண்டியதைச் செய்ததும் இதே ஊர்தான். 1977 வெள்ளோட்டத்துக்குப் பிறகு தங்கள் சிற்பாசிரியரை நிராகரித்ததும் இதே ஊர்தான். வெளியார் குரல், நீதிமன்றம், வத்திக்கான் இவையெல்லாம் தேவைப்பட்டன. ஆனால் வெளியிலிருந்து வந்த ஒரு தீர்ப்பை மேடையில் உயிருள்ள நாடகமாக்க, உள்ளே அதற்காக வாதாடிய ஆட்கள் இருக்க வேண்டியிருந்தது. அவர்கள் தோற்றாலும் ஊரை விட்டுப் போகவில்லை; அடுத்த பத்து வருஷத்துக்குக் காத்திருந்தார்கள். நேர்த்தி அந்த வாய்ப்பைத் தருகிறது. பத்தாண்டு முடிந்ததும் கேள்வி மறுபடி வந்து நிற்கும், யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

அடுத்த முறை 2030. நீங்கள் போவதானால் நாடக வருஷத்தில் டிக்கெட் எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் மற்ற வருஷங்களில் போங்கள். எனக்கு அதுவே மேல். கோயிலைப் பாருங்கள். ஷ்முட்ஸர் கட்டி, மத்தேயுஸ் கூந்தர் விதானம் தீட்டிய அருமையான ரொக்கோக்கோ கோயில் அது. அருங்காட்சியகக் குடிலைப் பாருங்கள். பிறகு சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசையில் இருக்கும் ஊர்க்காரரிடம், இந்த முறை நாடகத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தால், எதிர்மேசைக்காரர் குறுக்கிட்டு மறுத்தால், அந்த மரபுக்கு இன்னும் பல தலைமுறை ஆயுள் உண்டு என்று நம்பிக்கையோடு ஊர் திரும்பலாம். எல்லோரும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று சொன்னால்தான் கவலைப்பட வேண்டும்.